மட்கு உரம் பிடிக்கும் சாயமும் விட்டுவிடும் சாயமும்

பள்ளி அறிவியல் கண்காட்சிக் காலம் நெருங்கும்போது, நொய்யல் கரையை ஒட்டிய எங்கள் பகுதிப் பள்ளிகளில் சாயக்கழிவு நீரைத் தூய்மையாக்கும் திட்டம் ஒன்றாவது தவறாமல் இடம்பெறும். தென்னை நார்க்கழிவு, அடுப்புக்கரி, வேப்பிலைப் பொடி, வாழைத்தண்டு, முருங்கை விதை என்று ஒவ்வொன்றாக வந்துபோன பிறகு, இப்போது மட்கு உரத்தின் முறை வந்திருக்கிறது. மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிக்கிறவன் என்ற முறையில் இந்த யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன். குப்பையிலிருந்து கிடைக்கும் ஒரு பொருள், நீரில் கரைந்த சாயத்தைப் பற்றி வைத்துக்கொள்கிறது என்பது உண்மை. ஆனால் எந்தச் சாயத்தை, எந்த நீரிலிருந்து என்று கேட்காமல் “சாயத்தை நீக்கும்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டால், அந்த உண்மை பாதியில் நின்றுவிடுகிறது. மட்கு உரம் நன்றாகச் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. திருப்பூரின் சாயக்கழிவு அந்த வேலை அன்று. இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

இத்துறையில் நான் மாணவர்களுக்கு முதலில் எடுத்துச் சொல்லும் ஆய்வு, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஆய்வாளர்கள் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்டது. நன்கு முதிர்ந்த மட்கு உரத்தை எடுத்துக்கொண்டு, எட்டுச் சாயங்களின் கரைசல்களில் தனித்தனியே இட்டு, எவ்வளவு சாயம் நீரிலிருந்து உரத்துக்கு மாறுகிறது என்று அவர்கள் அளந்தார்கள். அமிலச் சாயங்கள் இரண்டு, பேசிக் சாயங்கள் இரண்டு, நேரடிச் சாயங்கள் இரண்டு, ரியாக்டிவ் சாயங்கள் இரண்டு என்று வகைக்கு இரண்டாக அவை தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தன. முதல் மூன்று வகைகளிலும் மூன்று முதல் ஐந்து மணி நேரத்துக்குள் சமநிலை ஏற்பட்டது. நீர் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சுத்திகரிப்பு முறைக்கு அந்த வேகம் ஏற்றது என்றும், கிளர்வூட்டிய கரியைத் தவிர்த்த மற்ற மலிவான கவர்பொருள்களோடு (சாயத்தைத் தன்மேல் பற்றிக்கொள்ளும் பொருள்களோடு) மட்கு உரம் போட்டியிடக் கூடியது என்றும் அவர்கள் முடிவு செய்தார்கள். ரியாக்டிவ் சாயங்கள் இரண்டு மட்டும் அந்த வேகத்துக்கு விதிவிலக்காக நின்றன. கண்காட்சி அட்டைகளில் முதல் பாதி எழுதப்படுகிறது, இந்த விதிவிலக்கு விடுபட்டுவிடுகிறது. எங்கள் ஊர்ப் பட்டறைகளில் பருத்திப் பின்னலாடைக்குப் பயன்படுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம் என்பதால், நமக்கு மிகவும் வேண்டிய செய்தி அந்த விடுபட்ட பாதியில்தான் இருக்கிறது.

இதன் காரணம் மட்கு உரத்தின் அமைப்பில் இருக்கிறது. இலையும் சாணமும் வைக்கோலும் சிதைந்து முதிரும்போது, எளிதில் செரிக்கக்கூடிய சர்க்கரையும் புரதமும் நுண்ணுயிர்களால் தின்று தீர்க்கப்பட்டு, மரத்துக்கும் நாருக்கும் உறுதி தரும் லிக்னினும் அதிலிருந்து உருவாகும் ஹியூமிக் பொருள்களும் எஞ்சுகின்றன. இப்பொருள்களின் மேற்பரப்பு முழுவதும் கார்பாக்சில் தொகுதிகளும் பீனால் தொகுதிகளும் நிறைந்திருக்கின்றன. கார்பாக்சில் தொகுதி, கார அமிலநிலை எண் (pH) 4 அல்லது 5-ஐத் தாண்டும்போதே தன் ஹைட்ரஜன் அயனியை இழந்து எதிர்மின்னூட்டம் பெற்றுவிடுகிறது. ஆகவே சாதாரணத் தண்ணீரில் மட்கு உரத்தின் ஒவ்வொரு துகளும் எதிர்மின்னூட்டம் உடையது. கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் போன்ற நேர்மின் அயனிகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, வேர் கேட்கும்போது கொடுப்பதற்கும் அதுவே காரணம். உழவர்கள் மட்கு உரத்தை எதற்காக விரும்புகிறார்களோ, அதே பண்புதான் சாயத்தைப் பிடிப்பதற்கும் உதவுகிறது.

பேசிக் சாயங்கள் நீரில் கரையும்போது அவற்றின் நிறமுள்ள பகுதி நேர்மின் அயனியாக இருக்கிறது. மெத்திலீன் நீலம், மாலகைட் பச்சை, கிரிஸ்டல் ஊதா, ரோடமின் பி ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. 1856-இல் வில்லியம் பெர்கின் என்ற ஆங்கிலேய இளைஞர் குயினைன் செய்ய முயன்றபோது கிடைத்த முதல் செயற்கைச் சாயமான மாவீனும் இவ்வகைதான். இத்தகைய சாயம் மட்கு உரத்தைச் சந்தித்தால், அங்கே ஏற்கெனவே அமர்ந்திருக்கும் கால்சியத்தை நகர்த்திவிட்டுத் தான் அமர்கிறது. அதன் தட்டையான வளைய அமைப்பு ஹியூமிக் பொருளின் வளையங்களோடு ஒட்டிக்கொள்வதால் பிடிப்பு மேலும் இறுகுகிறது. எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு ஒரு தோராயமான மேல்வரம்பை வகுப்பறையிலேயே கணக்கிட்டுவிடலாம். ஒரு கிலோ மட்கு உரத்தின் நேர்மின் அயனிப் பரிமாற்றத் திறன் 100 சென்டிமோல் என்று கொண்டால், ஒரு கிராமுக்கு ஒரு மில்லிமோல் ஆகிறது. மெத்திலீன் நீலத்தின் மூலக்கூறு நிறை ஏறக்குறைய 320 என்பதால், எல்லா இடமும் சாயத்துக்கே கிடைத்தால் ஒரு கிராம் உரம் 320 மில்லிகிராம் சாயத்தைத் தாங்க வேண்டும். நடைமுறையில் இதில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும். துகளின் உட்புறத்துக்குச் சாயம் எளிதில் சென்று சேராது. நீரில் உள்ள மற்ற அயனிகளும் இடத்துக்குப் போட்டியிடும். ஆயினும் கூலியும் போக்குவரத்தும் தவிர வேறு செலவில்லாத ஒரு பொருளுக்கு அந்தச் சிறு பங்கே போதுமானது.

வண்ணமீன் கடைகளில் விற்கும் மெத்திலீன் நீலத்தைக் கொண்டு இதை வகுப்பில் செய்து காட்டுவது எனக்கு மிகவும் பிடித்த செயல்முறை. நீர்த்த நீலக் கரைசலில் கைப்பிடி அளவு முதிர்ந்த உரத்தைப் போட்டு அவ்வப்போது கலக்கிவிட்டால், காலையில் தொடங்கியது மாலைக்குள் நீலம் இழந்து நிற்கும். அப்போது மாணவிகள் தவறாமல் கேட்கும் கேள்வி, “நீலம் போயிருச்சு சார், ஆனா தண்ணி ஏன் டீ கலர்ல இருக்கு?” என்பது. மிக நல்ல கேள்வி அது. மட்கு உரத்திலிருந்து ஃபல்விக் அமிலமும் கரையக்கூடிய மற்ற கரிமப் பொருள்களும் நீரில் இறங்கிவிடுகின்றன. நீலச் சாயத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பழுப்பு நிறத்தையும் ஆக்சிஜனை உண்ணும் கரிமச் சுமையையும் நைட்ரேட்டையும் கொடுத்துவிடுவது சுத்திகரிப்பு ஆகாது. அதனால் உரம் நன்கு முதிர்ந்திருக்க வேண்டும். பயன்படுத்தும் முன் அதைப் பலமுறை தண்ணீரில் அலசி, வடியும் நீர் ஓரளவு தெளிந்த பிறகே சாயத்துக்கு விட வேண்டும். குவியலைக் கிளறினால் இன்னும் சூடு பறக்கிறது, புளித்த நாற்றம் வருகிறது என்றால் அந்த உரம் இந்த வேலைக்கு ஆகாது.

இனி ரியாக்டிவ் சாயத்துக்கு வருகிறேன். இவ்வகைச் சாயங்களை பிரிட்டனின் ஐ.சி.ஐ. என்ற வேதிப்பொருள் நிறுவனம் 1956-இல், பெர்கினுக்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, சந்தைக்குக் கொண்டுவந்தது. பருத்தி இழையின் செல்லுலோசோடு வேதிப்பிணைப்பு ஏற்படுத்திக்கொள்வதால், துவைத்தாலும் இவை போகாது. நீரில் நன்றாகக் கரைய வேண்டும் என்பதற்காக இவற்றின் மூலக்கூறுகளில் சல்போனேட் தொகுதிகள் பல சேர்க்கப்பட்டிருக்கின்றன. அவை எதிர்மின்னூட்டம் உடையவை. பருத்தி இழையும் நீரில் நனைந்தால் எதிர்மின்னூட்டமே பெறுகிறது. ஆகவே சாயமும் துணியும் ஒன்றை ஒன்று விலக்குகின்றன. இந்த விலக்கத்தை அடக்குவதற்காகத்தான் டையிங் மாஸ்டர் சாயத்தொட்டியில் உப்பைக் கொட்டுகிறார். சமையல் உப்போ குளோபர் உப்போ (சோடியம் சல்பேட்), அடர்ந்த நிறங்களுக்கு லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை தேவைப்படுகிறது. மட்கு உரமும் எதிர்மின்னூட்டம் உடையது என்று முன்பே சொன்னேன். துணி எந்தக் காரணத்தால் உப்பில்லாமல் சாயத்தை ஏற்க மறுக்கிறதோ, அதே காரணத்தால்தான் மட்கு உரமும் அதை ஏற்க மறுக்கிறது. துணியிடமாவது பிணைப்பு ஏற்படுத்திக்கொள்ளும் வினைத்திறன் சாயத்துக்கு இருந்தது. கழிவில் வரும் சாயமோ தண்ணீரோடு வினைபுரிந்து அந்தத் திறனையும் இழந்துவிட்டது. பத்தில் ஒரு பங்கு முதல் மூன்று பங்கு வரை சாயம் இப்படி ஒட்டாமல் வெளியேறுகிறது.

அமிலம் சேர்த்துக் கார அமிலநிலை எண்ணை 2 அல்லது 3-க்கு இறக்கினால், கார்பாக்சில் தொகுதிகள் மின்னூட்டம் இழந்து, ரியாக்டிவ் சாயமும் ஓரளவு ஒட்டத் தொடங்கும். ஆய்வுக் கட்டுரைகளில் காணப்படும் உற்சாகமான எண்கள் பல இந்த நிலையில் எடுக்கப்பட்டவை. பட்டறையிலிருந்து வரும் நீரோ, சாயம் துணியோடு பிணைவதற்காகச் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) சேர்க்கப்பட்டிருப்பதால் கடும் காரத்தன்மை உடையது. அதை அமிலமாக்கவும், பிறகு மீண்டும் நடுநிலைப்படுத்தவும் செலவாகும் வேதிப்பொருள்கள் அனைத்தும் கடைசியில் உப்பாக அதே நீரில் சேருகின்றன. அமிலம் சேர்க்காமலே காரநீரை உரத்தின் வழியே விட்டால் நிலைமை இன்னும் மோசம். ஆய்வகத்தில் மண்ணிலிருந்து ஹியூமிக் அமிலத்தைப் பிரித்தெடுக்கக் காரக் கரைசலைத்தான் பயன்படுத்துகிறோம். சாயக்கழிவின் காரமும் அதையே செய்யும். சாயத்தைப் பிடிக்க வேண்டிய பொருளே கரைந்து, கரும்பழுப்பாக வெளியே ஓடும்.

அளவையும் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு 50 லட்சம் லிட்டர் கழிவுநீரைக் கையாளும் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தை எண்ணிக்கொள்வோம். லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயம் என்று வைத்தால், நாளுக்கு 500 கிலோ சாயம். ஒரு கிராம் உரம் 20 மில்லிகிராம் சாயத்தைப் பிடிக்கும் என்று தாராளமாகவே கணக்கிட்டாலும், நாள்தோறும் 25 டன் மட்கு உரம் வேண்டும். நாள்தோறும் 25 டன் நச்சேறிய, ஈரம் நிறைந்த கழிவும் பிறக்கும்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது உப்பு. ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் நீர், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்றால், கிலோ துணிக்கு 480 கிராம் உப்பு செலவாகிறது. அதில் ஒரு கிராம்கூடத் துணியில் தங்குவதில்லை. அலசும் நீரோடு முழுவதும் வெளியேறிவிடுகிறது. எந்த மட்கு உரமும், எந்தக் கரியும் இந்த உப்பை எடுக்காது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியைச் சேரும் நொய்யலைப் பாழாக்கியதில் நிறத்தைவிட இந்த உப்புக்கே பங்கு அதிகம். சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காகக் கட்டப்பட்ட அணை 1992-இல் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குளமாக மாறியது. அணையால் பயன்பெற வேண்டிய உழவர்களே அந்தத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று போராடும் நிலை வந்தது. நொய்யல் ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் அளித்த உத்தரவை உச்ச நீதிமன்றம் 2009-இல் உறுதி செய்தது. அதன் பிறகும் கழிவு நிற்காததால், 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூட ஆணையிட்டது.

அதற்கு முன்பு பல ஆண்டுகள் சுத்திகரிப்பு என்ற பெயரில் நடந்தது, சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் சேர்த்து நிறத்தைக் கசடாகப் படியவைப்பதுதான். வெளிவந்த நீர் கண்ணுக்கு ஓரளவு தெளிவாக இருந்தது. உப்பு அப்படியே இருந்தது. உப்பு உள்ளிட்ட கரைந்த திடப்பொருள்களின் அளவு லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு ஏட்டில் இருந்தது. அணைப் பகுதியில் கிணறு வைத்திருந்த ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: “தண்ணி தெளிவாத்தானுங்க இருக்குது வாத்தியாரே, வாயிலதான் வெக்க முடியாதுங்க.” சோடியம் மிகுந்த அந்த நீர் பாய்ந்த வயலில், களிமண் துகள்கள் தளர்ந்து சிதறி, காய்ந்ததும் இறுகி, மேல் மண் பொறுக்குத் தட்டிவிடும், மழை பெய்தாலும் நீர் உள்ளே இறங்காது. நிறத்தை நீக்குவதையே சுத்திகரிப்பு என்று நாம் கொண்டாடத் தொடங்கினால், அந்தப் பழைய காலத்துக்கே திரும்பிப் போகிறோம். இன்று திருப்பூரில் எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் நீரை மீட்டு, எஞ்சிய உவர்நீரை ஆவியாக்கி, உப்பைப் பிரித்து எடுக்கும் நிலையங்கள் இயங்குகின்றன. செலவும் மின்சாரமும் விறகும் மிகுதியாகப் பிடிக்கும் அந்த ஏற்பாட்டுக்கு மாற்றாக மட்கு உரத்தை எவரேனும் முன்மொழிந்தால், உப்பை என்ன செய்வீர்கள் என்ற ஒரே கேள்வியைத்தான் நான் கேட்பேன்.

மட்கு உரத்துக்கு ஏற்ற இடம் வேறு. கோரைப் பாய், தென்னை நார்க் கயிறு, பனையோலைக் கூடை, சணல் பை ஆகிய தொழில்களில் பேசிக் சாயங்கள் இன்றும் புழங்குகின்றன; லிக்னின் மிகுந்த இந்த இழைகளை அவை உப்பில்லாமலே நன்றாகப் பற்றிக்கொள்ளும். வீட்டு முற்றத்தில் அண்டாவில் சாயம் கொதிக்கவைத்து, கோரையையோ ஓலையையோ முக்கியெடுத்து, மிஞ்சியதைத் தெருச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ கொட்டுவதைப் பல ஊர்களில் பார்க்கலாம். அவர்களிடம் எதிர்ச் சவ்வூடு பரவல் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. அந்த நீரில் உப்பு குறைவு, காரம் இல்லை, சாயமோ நேர்மின் வகை. மட்கு உரம் விரும்பும் எல்லாச் சூழலும் அங்கே ஒருங்கே அமைந்திருக்கிறது. நாளுக்கு 200 லிட்டர் கழிவு, லிட்டருக்கு 50 மில்லிகிராம் சாயம் என்றால், 10 கிராம் சாயம். அதே 20 மில்லிகிராம் கணக்கில் நாளுக்கு அரைக் கிலோ உரம் போதும். ஒரு பிளாஸ்டிக் டிரம்மின் அடியில் ஜல்லியும் மணலும் பரப்பி, அதன்மேல் அலசிய மட்கு உரத்தைக் கரடுமுரடான மணலோடு கலந்து நிரப்பி, ஆறிய சாயநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால், சில மணி நேரத் தொடர்பு கிடைத்துவிடும். மணல் கலக்காவிட்டால் உரம் நனைந்து சேறாகி நீர் இறங்காது என்பதைக் கவனிக்க வேண்டும். மாலகைட் பச்சை மீன்களுக்கு மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சாவது. வாய்க்காலில் சேரும் முன் அதைத் தடுப்பது சிறிய செயல் அன்று.

நம் பகுதிக்கே உரிய பொருளும் இருக்கிறது. தென்னை நார்க்கழிவு சாயங்களைக் கவரும் திறன் குறித்துக் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நமசிவாயமும் உடன் ஆய்வாளர்களும் நெடுங்காலம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கம் மலைபோல் குவிந்த அந்தக் கழிவை, டன்னுக்கு ஐந்து கிலோ யூரியாவும் ஒன்றரைக் கிலோ சிப்பிக் காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு மட்கச் செய்யும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரப்பியது. இந்தக் காளான் சேர்க்கையில்தான் எனக்கு மிகுந்த ஆர்வம். மரத்தின் லிக்னினை உடைப்பதற்காக வெண்ணழுகல் காளான்கள் சுரக்கும் லாக்கேஸ், மாங்கனீசு பெராக்சிடேஸ் ஆகிய நொதிகள் எதைத் தாக்க வேண்டும் என்பதில் கறாராக இருப்பதில்லை. லிக்னினைப் போன்ற வளைய அமைப்புடைய சாயங்களையும் அவை உடைக்கின்றன. சிப்பிக் காளான் அறுவடை முடிந்து எறியப்படும் வைக்கோல் படுகையில் இந்த நொதிகள் இன்னும் எஞ்சியிருக்கும். மட்கு உரம் சாயத்தைப் பிடிக்கும் புறப்பரப்பு கவர்தலால் சாயம் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். நொதிகள் சாயத்தையே சிதைக்கின்றன. காளான் வளர்ப்போரும் பாய் முடைவோரும் ஒரே வட்டாரத்தில் இருக்கும் ஊர்களில் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கல்லூரி ஆய்வு மாணவர்களை நான் மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

நிறம் மறைவதைச் சிதைவின் நிறைவு என்று இங்கும் கொள்ளக் கூடாது. அசோ சாயங்களில் இரு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பை, காற்றில்லாச் சூழலில் பாக்டீரியாக்கள் எளிதில் அறுத்துவிடும்; நிறமும் போய்விடும்; ஆனால் அரோமாட்டிக் அமீன்கள் பிறக்கும். அவற்றுள் சில புற்றுநோய் உண்டாக்குபவை. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் இத்தகைய 22 அமீன்களை வெளியிடக்கூடிய சாயங்களைத் துணிகளில் தடை செய்ததன் காரணம் இதுவே. அமீன்கள் சிதைய ஆக்சிஜன் வேண்டும். சாயம் ஏறிய மட்கை மீண்டும் குவித்து மட்கவைப்பதானால், அடிக்கடி புரட்டிக் காற்றோட்டம் தருவது கட்டாயம். அமீன்களில் ஒரு பகுதி ஹியூமிக் பொருள்களின் குயினோன் தொகுதிகளோடு நிலையான வேதிப்பிணைப்பு ஏற்படுத்திக்கொண்டு அங்கேயே தங்கிவிடும் என்பது மட்கு உரத்தின் பக்கம் நின்று சொல்ல வேண்டிய ஒரு நல்ல செய்தி.

பயன்படுத்தி முடித்த மட்கைத் தோட்டத்தில் போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், உண்ணும் பயிருக்குக் கூடாது என்பதுதான். சில சாயங்களில் உலோகம் மூலக்கூறின் பகுதியாகவே இருக்கிறது. டர்காய்ஸ் நீலத்தில் செம்பு இருப்பது இதற்கு எடுத்துக்காட்டு. எந்த நுண்ணுயிரும் செம்பைச் சிதைக்க முடியாது. சாயம் உடைந்தாலும் செம்பு மட்கிலேயே இறுகப் பற்றிக்கொண்டிருக்கும். நம் நாட்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை, நகரக் குப்பை மட்கு உரத்தில் செம்பு கிலோவுக்கு 300 மில்லிகிராமையும் குரோமியம் 50 மில்லிகிராமையும் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸையும் தாண்டக் கூடாது என்று வரையறுத்திருக்கிறது. சாயம் வடிகட்டிய மட்கு இந்த வரம்புகளுக்குள் இருக்கிறது என்று ஆய்வகச் சான்று கிடைக்கும்வரை, அதைத் தார்ப்பாயின் மேல் கூரைக்கடியில் உலர்த்தி, மழைநீர் படாமல் மூட்டைகளில் வைத்திருக்க வேண்டும். தனி வீடுகள் இதைச் செய்வது கடினம். பாய் முடைவோர் கூட்டுறவுச் சங்கங்கள் பொதுவான ஓர் இடம் ஒதுக்கி, வீட்டுக்கு வீடு மூட்டைகளைச் சேகரித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற கழிவு மேலாண்மை நிலையத்துக்கு மொத்தமாக அனுப்புவதே நடக்கக்கூடிய வழி என்று நினைக்கிறேன். அடுத்த கண்காட்சிக்கு வரும் மாணவர்கள் நிறம் மறைந்த குடுவையோடு, மின்கடத்துதிறன் அளவியையும் பயன்படுத்தி முடித்த மட்கையும் மேசையில் வைத்து விளக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.